பாடம் செய்த உடலும் நாம் படிக்கும் பாடமும்



தமிழில் பாடம் என்னும் சொல்லுக்கு இருவகைப் பொருள் வழங்குகின்றது. ஆசிரியர் கற்பிப்பதும் மாணாக்கர் கற்பதும் பாடம். புகையிலையையும் தோலையும் கெட்டுப் போகாதபடி பக்குவப்படுத்துவதையும் பாடம் செய்தல் என்றே சொல்லுகிறோம். இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதனிட்டு, உள்ளே வேறு பொருளை வைத்துத் தைத்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்தி வைக்கும் தொழிலுக்கும் அச்சொல்லே பெயராயிற்று. இவ்விரண்டாம் பாடத்திலிருந்து முதற் பாடத்தைக் கற்றுக்கொள்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது உபாசகர்க்கு வேண்டிய விஷயந்தானா என்று சிலர் வினவலாம். வேண்டியதே என்போம். இறந்த உடல் ஒன்று நம் கண்முன் நிற்கும்போது உள்ளத்தில் ஏதேனும் ஓர் உணர்ச்சி எழாமற் போவதில்லை. ஒருவர்க்கு வியப்பு, மற்றொருவர்க்கு அருவருப்பு, வேறொருவர்க்கு இரக்கம். எழுகின்ற உணர்ச்சி எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆராய்வதே நம் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான பொருள் எளிதிற் கிடைப்பதன்று.

1. நாம் அறிந்த பாடம்

இக்கலை வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டுப் பால்காரர் இதனை நன்கறிவர். கறவைப் பசு ஈன்ற கன்று இறந்துவிட்டால், அதன் தோலை உரித்து, வைக்கோலை அடைத்துத் தைத்து, பால் கறக்கும் வேளையில் தாயின் முன் நிறுத்துவர். பசு அதனை மோந்து பார்க்கும், நாவால் நக்கும், மடி சுரக்கும். வைக்கோல் கன்றைத் தோளில் சுமந்துகொண்டு, பசுவை வீடு வீடாக ஓட்டிச் சென்று கறந்து கொடுத்த காலம் ஒன்று சென்னைத் தெருக்களில் இருந்தது.

1851ஆம் ஆண்டு நிறுவப்பட்டு இன்று எழும்பூரில் விளங்கும் அரசு அருங்காட்சியகத்தை நம் பாட்டன்மார் ‘செத்த காலேஜ்’ என்றனர். விலங்குகளை உயிரோடு வைத்திருந்த காட்சிச்சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. எழுத்தறியாதார் வைத்த பெயர்களே யாயினும், அறிவுள்ள பெயர்கள். உயிருள்ளதையும் உயிரற்றதையும் அவர்கள் மயங்காமற் பிரித்தறிந்தனர். கண்ணாடிக்குப் பின்னே எவ்வளவு அழகாக நின்றாலும் செத்தது செத்ததே என்று பெயரிலேயே எழுதி வைத்தனர்.

2. உள்ளே இருப்பது யாது?

இத்தொழிலைச் செய்யும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். முதலில் இறந்த விலங்கின் நீளம், சுற்றளவு, கால் மூட்டுகளின் இடம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்வர். பின்னர்த் தோலைக் கிழியாமல் உரிப்பர். ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்து, உப்பும் படிகாரமும் முதலியன கொண்டு பதனிடுவர். மரம், கம்பி, மரச்சீவல், களிமண், காகிதக்கூழ் ஆகியவற்றால் அவ்விலங்கின் அளவுக்கு ஓர் உருவம் செய்வர். இக்காலத்தில் இறுகிய செயற்கை நுரையாலும் செய்கின்றனர். அவ்வுருவத்தின்மேல் தோலைப் போர்த்தி, வயிற்றுப்புறம் போன்ற மறைவிடத்தில் தைத்து, கண்ணாடியால் செய்த கண்களைப் பொருத்துவர். உதடும் மூக்கும் வண்ணம் பூசப்பெற்று ஈரமாய் இருப்பதுபோல் தோன்றும்.

புழுவும் பூச்சியும் தோலை அரிக்காமல் காப்பது பெரும்பாடாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பெக்கூர் என்பவர் பாஷாணம் கலந்த சவர்க்காரம் ஒன்றைச் செய்தார். தோலின் உட்புறத்தில் அதைப் பூசும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. அழகாய் நிற்கும் பழைய உருவங்கள் பலவற்றில் இன்றும் அந்நஞ்சு தங்கியிருக்கிறது. ஆதலின் அவற்றைக் கையாளுவோர் கையுறை அணிந்தே தொடுதல் வேண்டும்.

நம் தென்னாட்டில் மைசூர் நகரில் வான் இங்கன் குடும்பத்தார் நடத்திய தொழிலகம் இக்கலையில் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1900ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை அது நடந்தது. மகாராஜாக்களும் வெள்ளைத் துரைமாரும் சுட்டு வீழ்த்திய புலிகளும் சிறுத்தைகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கே வந்து, உறுமும் வாயோடு திரும்பிச் சென்றன. துப்பாக்கி ஏந்தியவர் பெயர் பலகையில் எழுதப்பட்டது. தோலைச் சுரண்டிப் பதனிட்ட கூலியாளின் பெயரை எந்தப் பலகையும் தாங்கவில்லை.

இனி, நாம் கற்ற ஐந்து கந்தங்களை இங்கே பொருத்திப் பார்ப்போம். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்தின் கூட்டத்தையே உயிர் என்று வழங்குகிறோம். பாடம் செய்த மானிடத்தில் நுகர்ச்சி இல்லை, குறிப்பு இல்லை, பாவனையும் அறிவும் இல்லை. உருவத்திலும் எலும்பில்லை, குருதியில்லை, ஈரலில்லை, கண்ணுமில்லை. எஞ்சியது தோல் ஒன்றே. ஆயினும் அதைக் கண்டவுடன் நம் மனம் ‘மான்!’ என்று கூவுகின்றது. இல்லாத நான்கையும், இருக்கும் ஒன்றின் பெரும்பகுதியையும் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பஞ்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்த நமக்கு இது புதுமையன்று. துணியை விற்கும் இடத்தில் நிற்பவன் மலரைக் காண்பான். தறியண்டை நிற்பவன் பாவையும் ஊடையும் காண்பான். மலர் என்று தனியே ஒன்று அங்கில்லை. மானைப் பற்றி இதனை ஒப்புக்கொள்ளுவது எளிது. தன்னைப் பற்றி ஒப்புக்கொள்ளுவதே அரிது.

3. டில்லியில் கண்ட நால்வர்

டில்லி மாநகரில் பாரகம்பா சாலையில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருந்தது. உலகச் சுற்றுச்சூழல் நாளாகிய 1978 ஜூன் 5ஆம் நாள் அது திறக்கப்பட்டது. பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் அங்கே மாடி மாடியாக வைக்கப்பட்டிருந்தன. 2013ஆம் ஆண்டில் நம் சங்கத்தார் சிலருடன் டில்லிக்குச் சென்றிருந்த நாம், ஒரு முற்பகல் முழுவதையும் அங்கே கழித்தோம். புள்ளிமான் ஒன்றின் முன்னே நின்றபோது உடன் வந்தோர் நால்வரிடம் நான்கு விதமான உணர்ச்சிகளைக் கண்டோம்.

ஓர் இளைஞர் வாய்விட்டுப் புகழ்ந்தார். இத்தகைய மான் ஒன்று நம் வீட்டுக் கூடத்தில் நின்றால் எவ்வளவு பெருமையாயிருக்கும் என்றார். இரண்டாமவர், நல்ல படிப்பாளி, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். அங்கே யாதொரு நாற்றமும் இல்லை என்று சுட்டிக்காட்டிய பின்னரும் கையை எடுத்தாரில்லை. மூன்றாமவர் ஒரு மூதாட்டி. மானின் கண் கலங்கியிருக்கிறதே என்று சொல்லித் தாமும் கண்கலங்கினார்; அக்கண் கண்ணாடியென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. நான்காமவர் ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் தோல் பதனிடும் தொட்டிகளில் உழைத்தவர்கள். அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, மானின் வயிற்றின் கீழ்த் தையலைத் தேடினார். கண்டுபிடித்ததும், “நல்ல கை ஐயா இது. தோலை இழுத்துக் கெடுக்கவில்லை” என்றார். சற்று நேரம் கழித்து, “எங்கள் அப்பா ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து வந்தால் தேநீர்க் கடையில் வெளியே நிற்க வேண்டும். இந்தத் தோலைப் பாருங்கள், கண்ணாடிக்குள்ளே வைத்திருக்கிறார்கள்” என்று மெல்லச் சொன்னார்.

அவர் சொன்னதற்கு அங்கிருந்தோர் எவரும் மறுமொழி கூறவில்லை. இப்பாடத்தின் நடுநாடி அச்சொல்லில் இருப்பதால், நால்வர் உள்ளத்தையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

4. உணர்ச்சிகளின் வேர்

இளைஞரிடம் எழுந்தது விருப்பம். அழகியதைக் கண்டு மகிழ்தல் குற்றமன்று. ‘எனக்கு வேண்டும்’ என்ற எண்ணம் அம்மகிழ்ச்சியோடு சேரும் இடத்திலேதான் அபாயம் பிறக்கின்றது. ஏனெனில் கூடத்தில் நிற்கும் மான் காட்டில் நிற்க முடியாது.

மூதாட்டியிடம் எழுந்தது இரக்கம். அது நல்விதை. ஆனால் கண்ணாடிக் கண்ணுக்காகக் கசிந்த நெஞ்சம், வெளியே வீதியில் தாகத்தால் நாத்தொங்க நிற்கும் நாய்க்காகவும் கசிதல் வேண்டும். உணர்ச்சி செயலாகாவிடில், அது வைக்கோல் கன்றுக்குச் சுரந்த பாலாகவே முடியும். பால் சுரந்தது உண்மை, பருகக் கன்று இல்லை.

மூக்கை மூடிய நண்பரிடம் எழுந்தது அருவருப்பு. இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நாற்றம் மூக்கில் இல்லை, நினைவில் இருந்தது. செத்த விலங்கு, தோல், எலும்பு என்றாலே விலகி நிற்க வேண்டுமென்று சிறுவயது முதல் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கற்பித்த சமூகம் அதனை ஒழுங்காகக் கடைப்பிடித்ததா? இல்லை. அதே தோல் மிருதங்கத்தில் ஏறினால் சபையில் இடம் பெற்றது. மான்தோலும் புலித்தோலும் ஆசனமானால் தூயவை எனப்பட்டன. புலியின் தலை அரண்மனைச் சுவரில் தொங்கினால் வீரத்தின் அடையாளம். செருப்பாகக் காலடியில் கிடந்தால் அவசியப் பொருள். தோலை உரித்து, ஊறவைத்து, கடுக்காயும் பட்டையும் இட்டுப் பதனிட்டுத் தந்த கை மட்டும் தீட்டு என்று தள்ளப்பட்டது! தீட்டு தோலில் இருந்திருந்தால் அது சபைக்கும் அரண்மனைக்கும் கூடவே போயிருக்கும். போகவில்லை; ஆதலால் தீட்டு தோலில் இல்லை, சொன்னவர் மனத்தில் இருந்தது என்பது தெளிவு.

மூக்கை மூடியவரும் நம்மவரே என்பதை மறத்தலாகாது. நம்மை விலக்கி வைக்கப் பயன்பட்ட அருவருப்பை நாமே நெஞ்சில் சுமந்து, நம் பாட்டன்மார் செய்த தொழிலை எண்ணி நாணுகின்றோம். இது நீங்குதல் வேண்டும். உயிரைக் கொல்லாமல், இறந்ததைப் பயன்படும் பொருளாக்கிய உழைப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர் தையலைத் தேடியபோது தம் குலத்தாரின் கையையே அங்கே தேடினார். நால்வருள் அந்த மானைச் சரியாகப் பார்த்தவர் அவரே. அவர் கண்டது மானும் அன்று, பிணமும் அன்று. ஒரு தோலையும், ஒரு தையலையும், ஒரு தொழிலாளியையும் கண்டார்.

5. கன்றின் தோலும் பின்தொடர்ந்த பசுவும்

தோலைப் பற்றிப் புத்தபிரான் கூறியது யாது? விநயபிடகத்தில் தோற்பொருள்களைக் குறித்து ஓர் அதிகாரமே உண்டு. பிட்சுக்களில் ஆறுபேர் கூட்டத்தார் சிலர், சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோல்களைக் கட்டிலுக்கும் ஆசனத்துக்கும் அளவாக வெட்டி விரித்து வைத்திருந்தனர். அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக அங்கே சொல்லப்படும் வரலாறு வருமாறு:

ஒழுக்கம் குன்றிய பிட்சு ஒருவன், தன்னையொத்த இல்லறத்தான் வீட்டுக்குச் சென்றான். அவ்வீட்டில் சிறுத்தைக் குட்டியைப் போன்ற அழகிய கன்று ஒன்று இருந்தது. பிட்சு அதனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லறத்தான் காரணம் கேட்டான். இக்கன்றின் தோல் எனக்குத் தேவை என்றான் பிட்சு. உடனே இல்லறத்தான் கன்றைக் கொன்று தோலை உரித்துக் கொடுத்தான். பிட்சு அதனை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தான். தாய்ப்பசு அவன் பின்னே நடந்தது. விகாரைக்கு வந்ததும் மற்றப் பிட்சுக்கள், இப்பசு உம்மை ஏன் பின்தொடர்கிறது என்று கேட்டனர். அறியேன் என்றான். ஆனால் அவன் ஆடையில் குருதி படிந்திருந்தது. உண்மை வெளிப்பட்டது. பகவன் அவனைக் கண்டித்து, கொலைக்குத் தூண்டுதலையும் பசுத்தோலை அணிதலையும் விலக்கினார்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகளை ஊன்றிக் காணவேண்டும். முதலாவது, பிட்சு கத்தியைத் தொடவில்லை. பார்த்தான், விரும்பினான், சொன்னான்; கன்று இறந்தது. வாங்குவோன் விருப்பம் கொல்வோன் கையாக மாறிய விதம் இது. இரண்டாவது, மறைக்கப்பட்ட தோலைத் தாய் அறிந்துகொண்டது. வைக்கோல் கன்றை நக்கும் நம் ஊர்ப் பசுவும், பிட்சுவின் பின்னே நடந்த அந்தப் பசுவும் ஒரே துயரின் இரு தோற்றங்கள். மூன்றாவது, தோல் என்பதற்காகவே தோலைப் பகவன் வெறுத்தார் அல்லர். கரடுமுரடான நிலம் உள்ள அவந்தி முதலிய எல்லைப்புற நாடுகளில் வாழும் பிட்சுக்களுக்கு ஆட்டுத்தோலும் மான்தோலும் விரிப்பாகப் பயன்பட அவரே அனுமதி தந்தார் என்று அதே அதிகாரம் கூறுகின்றது. விலக்கியது ஆசையையும் கொலையையும், தோலை அன்று.

6. டில்லியில் இரண்டு அரசர்

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு டில்லியின் சரித்திரத்தைப் பார்த்தால் இரண்டு அரசர் எதிரெதிரே நிற்கக் காண்போம்.

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லியில் தர்பார் நடத்தினார். விழா முடிந்ததும் நேபாளத்துத் தராய்க் காட்டுக்கு வேட்டையாடச் சென்றார். சுமார் பத்து நாட்களில் அவர் ஒருவர் மட்டும் சுட்டவை 21 புலிகளும் 8 காண்டாமிருகங்களும் ஒரு கரடியும் ஆகும். அவற்றுள் ஒரு புலி பாடம் செய்யப்பெற்று இங்கிலாந்தில் எக்செட்டர் நகர அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. உணவுக்காகவா கொன்றார்? இல்லை. ஊரைக் காக்கவா? இல்லை. கொன்றேன் என்று காட்டுதற்கே கொன்றார். அதனைக் காட்டப் பாடம் செய்யும் கலை துணை நின்றது.

அதே டில்லியில், பிரோஸ் ஷா கோட்லாவின் உச்சியில், அசோக மன்னரின் கற்றூண் நிற்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதனைத் தோப்ராவிலிருந்து யமுனை வழியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் பொறித்த சாசனங்களுள் ஐந்தாவது, முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபோது வெளியிடப்பட்டது. கிளி, நாகணவாய், வௌவால், ஆமை, அணில் எனக் கொல்லத்தகாத பிராணிகளின் பட்டியல் அதில் உள்ளது. சினையுற்ற ஆட்டையும், பாலூட்டும் ஆட்டையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லலாகாது. உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது. உண்ணவும் ஆகாத, வேறு பயனும் இல்லாத நாற்கால் விலங்குகளையும் அவர் அப்பட்டியலில் சேர்த்தார் என்பதைக் கவனியுங்கள். நமக்குப் பயனில்லை என்பது கொல்லுதற்குக் காரணமாகாது என்பதே அதன் கருத்து. வேட்டை யாத்திரையை விட்டுத் தம்ம யாத்திரை மேற்கொண்டதை அவர் வேறிடத்துப் பாறைச் சாசனத்தில் தாமே தெரிவிக்கின்றார். வெற்றிக்கு அடையாளமாக ஒரு விலங்கின் தலையையும் அவர் விட்டுச் செல்லவில்லை. சொல்லையே கல்லில் விட்டுச் சென்றார்.

இந்திய நாடாளுமன்றம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பாடம் செய்த உடலையும் வேட்டைச் சின்னம் என்னும் சொல்லுக்குள் அச்சட்டம் அடக்கியது. ஆகவே காப்புப்பெற்ற விலங்கின் தோலோ தலையோ இன்று எவரும் விரும்பியபடி வாங்கவும் விற்கவும் இயலாது. தூணிற் பொறித்த கருத்து இருபத்திரண்டு நூற்றாண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்திலும் ஏறியது என்று கொள்ளலாம்.

7. ஐயமும் விடையும்

நம் கூட்டங்களில் எழுந்த மூன்று ஐயங்களுக்கு இங்கே விடை கூறுவோம்.

முதல் ஐயம்: பாடம் செய்யும் தொழில் பாவத் தொழிலா? படைக்கலம், உயிர், இறைச்சி, கள், நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகமே உபாசகர்க்கு விலக்கப்பட்டது. கொலைக்குற்றம் நிறைவுற ஐந்து உறுப்புக்கள் வேண்டும்: உயிர் இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் மரணம். தானே இறந்துபோன விலங்கைப் பாடம் செய்பவனிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாடம் செய்யும் நிலையத்தில், இறந்துபோன விலங்குகளையே கல்வியின் பொருட்டு அவ்விதம் செய்கின்றனர். இதனால் ஒரு சிறுவன் கழுகின் அலகையும் கரடியின் நகத்தையும் அருகிருந்து கற்கின்றான். பாடம் செய்வதற்கென்றே கொல்லுவதும், கொல்லச் சொல்லுவதும், கொன்றதை அறிந்தே வாங்குவதும் கன்றின் தோலை விரும்பிய பிட்சுவின் வழியாகும்.

இரண்டாம் ஐயம்: அன்பாய் வளர்த்த நாயோ பூனையோ இறந்தால் பாடம் செய்து வைத்துக்கொள்ளலாமா? அயல்நாடுகளில் இவ்வழக்கம் உண்டு. நம் நாட்டிலும் சிலர் செய்கின்றனர். இதில் கொலை இல்லை, அன்பே இருக்கிறது. ஆயினும் இறந்த மகவைத் தோளிற் சுமந்து மருந்து தேடித் திரிந்த கிசாகோதமியை எண்ணிப் பாருங்கள். பகவன் அவளைப் பழிக்கவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாக நடந்து உணர்ந்த பின்னர் அவளே சுமையை இறக்கினாள். வைத்துக்கொள்ளாதே என்று துயருற்றாரைக் கடிந்து பேசுவது நம் வேலையன்று. இறக்கி வைக்கும் நாள் வரும்வரை உடன் நடப்பதே நம் வேலை.

மூன்றாம் ஐயம்: நாமும் தாதுக்களை வைத்து வணங்குகின்றோமே? ஆம். கபிலவத்துவுக்கு உரியதெனக் கருதப்படும் பிப்ரவாவில் 1970களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புத் துணுக்குகள் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆனால் வேற்றுமையை நோக்குங்கள். அத்தாது உயிருள்ளதுபோல் நடிப்பதில்லை. அதற்குக் கண்ணாடிக் கண் வைக்கப்படவில்லை. உலகுக்கு ஒளி காட்டிய உடலும் இவ்வளவே ஆயிற்று என்று அஃது உண்மையைச் சொல்லுகின்றது. வணக்கம் எலும்புக்கு அன்று; அவ்வாழ்க்கைக்கும் அவர் போதித்த தம்மத்துக்கும் உரியது.

8. தீ கற்பித்தது

நாம் கண்ட அந்தப் புள்ளிமான் இன்று இல்லை. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், பொழுது விடியுமுன், பாரகம்பா சாலையிலிருந்த அவ்வருங்காட்சியகத்தில் தீப்பற்றியது. பல தீயணைப்பு வண்டிகள் வந்து போராடின. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த உருவங்களும் சேகரிப்புகளும் அத்தீயில் அழிந்தன. செய்தியைப் படித்த அன்று நம்முடன் டில்லிக்கு வந்திருந்த பலர் வருந்தினர். பள்ளிச் சிறார் கண்டு கற்ற இடம் அழிந்ததே என்று வருந்துவது முறையே. உப்பும் படிகாரமும் அழுகலைத் தடுத்தன. நஞ்சு புழுவைத் தடுத்தது. கண்ணாடி தூசியைத் தடுத்தது. எல்லாவற்றையும் தடுத்தும் அநித்தியத்தைத் தடுக்க முடியவில்லை. அந்த மான் இருமுறை மறைந்தது. முதன்முறை மறைந்ததை நம்மால் மறக்க முடிந்தது, இரண்டாம் முறை முடியவில்லை.

டில்லியும் அதனைச் சூழ்ந்த நிலமும் பண்டைக்காலத்தில் குரு நாடு எனப்பட்டன. குரு நாட்டுக் கம்மாசதம்மம் என்னும் ஊரில் பகவன் சதிபட்டான உபதேசத்தை அருளினார் என்று சூத்திரம் கூறுகின்றது. அதில் இடுகாட்டுத் தியானம் ஒன்பது வகையாக விளக்கப்படுகின்றது. பிணம் வீங்குகின்றது; காக்கையும் நரியும் தின்னுகின்றன; தசை நீங்கி எலும்புக்கூடாகின்றது; எலும்புகள் சிதறுகின்றன; வெளுக்கின்றன; முடிவில் பொடியாகின்றன. ஒவ்வொரு நிலையிலும், இவ்வுடலும் அத்தன்மையதே என்று பயில்வோன் தன்னையே நோக்குகிறான். இடுகாடு மாற்றத்தைக் காட்டுகின்றது. பாடம் செய்த உடல் மாற்றத்தை மறைக்கின்றது. ஆகையினால் அதன் முன் நிற்பவன் கூடுதல் விழிப்போடு நிற்றல் வேண்டும்.

9. பயிற்சி

எழும்பூருக்கோ வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, ஓர் உருவத்தின் முன்னே சற்று நேரம் அமைதியாய் நில்லுங்கள். உள்ளத்தில் முதலில் எழுவது விருப்பமா, அருவருப்பா, இரக்கமா என்று கண்டுகொள்ளுங்கள். அடுத்து, இங்கே உண்மையில் இருப்பது யாது, மனம் சேர்த்தது யாது என்று பிரித்துப் பாருங்கள். பின்னர், இவ்வுயிர் எவ்விதம் இறந்தது, யார் விருப்பத்தால் இறந்தது என்று வினவுங்கள். இறுதியாக, இதனைப் பதனிட்டுத் தைத்த கையை நன்றியோடு எண்ணுங்கள். பிள்ளைகளிடம், உன் முப்பாட்டனும் தோல் வேலை தெரிந்தவர் என்று சொல்ல நேர்ந்தால், குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும், எழுந்த இரக்கத்தை உயிருள்ள ஒன்றுக்குச் செலுத்துங்கள். டில்லி சாந்தினி சௌக்கில் சமணர் 1929ஆம் ஆண்டு தொடங்கிய பறவை மருத்துவமனை, சிறகொடிந்த புறாக்களுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்து வருகின்றது. அத்தகைய மனை நம்மூரில் இல்லாவிடினும், கோடையில் ஒரு சட்டி நீரைக் கூரைமேல் வைக்க எவர்க்கும் இயலும். அந்நீரைக் குடிக்க வரும் குருவி கண்ணாடிக் கண்ணால் நோக்காது. சிறு ஓசை கேட்டாலும் பறந்துவிடும். பறந்து போவதே அதன் உயிர்ப்பு. அதனைப் பிடித்து வைத்துக்கொள்ள விரும்பாமல், அது குடித்துப் போவதைக் கண்டு மகிழும் மனத்தை நாம் அடைவோமாக!